லினக்ஸ் கணினிக்குள் இன்னொரு கணினி: முதன்முறை நிறுவுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மென்பொருளை இறக்கி நிறுவ எனக்கு ஆனது ஐந்தே நிமிடம். உள்ளே ஒரு இயங்குதளம் எழுந்து நின்று, மவுஸை அசைத்தால் அசைகிறது என்ற நிலைக்கு வர முழுதாக இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் போனது பயாஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்), செக்யூர் பூட் (கையெழுத்திட்ட மென்பொருளை மட்டும் ஏற்கும் பாதுகாப்பு), கோப்பு அனுமதி, வட்டில் இடம் ஆகிய நான்கில்தான். இந்த நான்கையும் பெரும்பாலான கையேடுகள் ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன. அதனால் நான் அடிபட்ட இடங்களில் நின்று நிதானமாகவும், தானாக ஓடுகிற இடங்களில் வேகமாகவும் எழுதுகிறேன்.

மூன்று சொற்களை மட்டும் முதலிலேயே பார்த்துவிடலாம். உங்கள் மேசையில் இருக்கும் நிஜக் கணினி ஹோஸ்ட். அதற்குள் மென்பொருளால் உருவாக்கும் மெய்நிகர் கணினி வி.எம். அந்த வி.எம்.முக்குள் நிறுவப்படும் இயங்குதளம் கெஸ்ட். எந்தப் பிழைச் செய்தி வந்தாலும் "இது ஹோஸ்ட் சொல்வதா, கெஸ்ட் சொல்வதா?" என்று முதலில் கேட்டுக்கொண்டால் பாதி குழப்பம் தீரும்.

கட்டளைகளை ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். இடைவெளியும் இணைப்புக்கோடும் நான் போட்ட இடத்திலேயே வர வேண்டும். படிகள் உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன் மூன்றுக்கும் பொருந்தும். ஃபெடோரா மாறுபடும் இடத்தில் சொல்கிறேன்.

1. முதலில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

லினக்ஸில் பிரபலமான வழிகள் இரண்டு. ஒன்று, ஆரக்கிளின் விர்ச்சுவல்பாக்ஸ். இன்னொன்று, லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கும் கேவிஎம். கேவிஎம்மை இயக்க வர்ட்-மேனேஜர் என்ற ஜன்னல் மென்பொருள் உண்டு. விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோவும் 2024 நவம்பரிலிருந்து எல்லாருக்கும் இலவசம்தான். ஆனால் அதற்குக் கணக்கு தொடங்கி, உள்ளே நுழைந்துதான் இறக்க வேண்டும். புதியவர்களை நான் அந்தப் பக்கம் அனுப்புவதில்லை.

ஹோஸ்ட் லினக்ஸ் என்றால் கேவிஎம் போதும் என்பது என் கட்சி. காரணம் எளிது. விர்ச்சுவல்பாக்ஸ் தனக்கென ஒரு கெர்னல் மாட்யூலை (கெர்னலோடு சேர்ந்து ஓடும் துணைப்பகுதியை) கொண்டுவருகிறது. ஒவ்வொரு கெர்னல் புதுப்பிப்புக்கும் அது மறுபடி கட்டப்பட வேண்டும், செக்யூர் பூட் இருந்தால் அதற்குக் கையெழுத்தும் வேண்டும். கேவிஎம்முக்கு இந்த இரண்டு தொல்லையும் கிடையாது, அது கெர்னலோடு கூடவே வருகிறது. விர்ச்சுவல்பாக்ஸ் அவசியமாகும் சூழலும் உண்டு: பயிற்சி வகுப்பில் தரும் கோப்பு, முழு வி.எம்.மையும் ஒரே கோப்பாகக் கட்டித்தரும் ஓவிஏ வடிவில் இருக்கலாம், அல்லது அதே வி.எம்.மை விண்டோஸ் கணினியிலும் ஓட்ட வேண்டியிருக்கலாம். அப்படியானால் 8ஆம் படிக்குப் போங்கள். ஆனால் 2, 3 இரண்டையும் படித்துவிட்டே போங்கள்.

இரண்டையும் ஒரே கணினியில் போட்டு "எது நன்றாக ஓடுகிறதோ அதை வைத்துக்கொள்வோம்" என்று மட்டும் நினைக்காதீர்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன். அந்தக் கதையும் 8ஆம் படியில் வருகிறது.

2. கையில் என்னென்ன இருக்க வேண்டும், எவ்வளவு செலவு

நினைவகம்: ஹோஸ்ட்டுக்குக் குறைந்தது 4 ஜிபி ஒதுக்கிவிட்டு, மீதியைத்தான் வி.எம்.முக்குத் தர வேண்டும். 8 ஜிபி கணினியில் ஒரு லினக்ஸ் வி.எம். வசதியாக ஓடும். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்சமே 4 ஜிபி. அதனால் 8 ஜிபியில் அது ஓடும், ஆனால் பக்கத்தில் பிரவுசரைத் திறந்தால் இரண்டும் மூச்சு வாங்கும். 16 ஜிபி இருந்தால் கவலை இல்லை.

வட்டில் இடம்: லினக்ஸ் கெஸ்டுக்கு 25 ஜிபி, விண்டோஸ் 11-க்கு 64 ஜிபி. மொத்தம் எவ்வளவு காலி என்று பார்த்தால் போதாது. எந்தப் பார்ட்டிஷனில் காலி என்று பாருங்கள். டெர்மினலில் 'டிஎஃப் -எச்' என்று அடித்தால் தெரியும். கேவிஎம் தன் வட்டுக் கோப்புகளை ரூட் பார்ட்டிஷனில் உள்ள வார் கோப்புறைக்குள் போடும். ஹோமைத் தனிப் பார்ட்டிஷனாகப் பிரித்து, ரூட்டுக்கு 30 ஜிபி மட்டும் விட்டவர்கள் இங்கே மாட்டுவார்கள். நான் மாட்டினேன்.

ஐஎஸ்ஓ கோப்பு: நிறுவப்போகும் இயங்குதளத்தின் வட்டுப் பிம்பம். அதிகாரபூர்வ தளத்தில் மட்டும் இறக்குங்கள். உபுண்டு டெஸ்க்டாப் ஐஎஸ்ஓ சுமார் 6 ஜிபி. டெபியனின் நெட்இன்ஸ்ட் 1 ஜிபிக்குள் அடங்கும், மீதியை நிறுவும்போது இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். இறக்கும்போது ஏஎம்டி64 என்ற பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். பெயரில் ஏஎம்டி இருந்தாலும் இன்டெல் கணினிக்கும் அதுதான். ஆர்ம்64 என்று போட்டிருப்பது வேறு வகைச் செயலிக்கு.

இறக்கியதும் அதே தளத்தில் தரப்பட்டிருக்கும் எஸ்எச்ஏ256 எண்ணோடு ஒப்பிடுங்கள். 'எஸ்எச்ஏ256சம்' என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, கோப்பின் பெயரைக் கொடுத்தால் 64 எழுத்து கொண்ட வரி வரும். ஒப்பிட அரை நிமிடம்தான் ஆகும். பாதியில் அறுந்த ஐஎஸ்ஓ நிறுவலின் 70 சதவீதத்தில் நின்றுபோனால் அரை மணி நேரம் போய்விடும். இன்னொன்று, ஐஎஸ்ஓவை வேறு கணினியில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவருவதாக இருந்தால், ஃபேட்32 பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் வடிவில் மாற்றிக்கொள்ளுங்கள்.

பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) மீட்பு விசை: கணினியில் விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருந்தால் மட்டும் இது தேவை. பயாஸில் செக்யூர் பூட்டைத் தொட்டால், அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அது இல்லாமல் உள்ளே போக முடியாது. பயாஸுக்குள் நுழையும் முன்பே அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அதே கணினியில் சேமித்து வைத்துப் பயனில்லை.

செலவு: கேவிஎம், வர்ட்-மேனேஜர், விர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படைத் தொகுப்பு எல்லாம் இலவசம். செலவு வைப்பது விண்டோஸ் உரிமம்தான். மடிக்கணினியோடு வந்த ஓஇஎம் உரிமம் அந்த வன்பொருளோடு பிணைந்தது, வி.எம்.முக்குத் தனி உரிமம் வேண்டும். சோதனைக்கு மட்டும் என்றால் மைக்ரோசாஃப்டே தரும் விண்டோஸ் 11 என்டர்பிரைஸ் மதிப்பீட்டுப் பதிப்பு 90 நாள் ஓடும், சர்வர் பதிப்பு 180 நாள் ஓடும்.

நேரம்: ஐஎஸ்ஓ இறங்குவது உங்கள் இணையத்தைப் பொறுத்தது. அதைத் தவிர பயாஸுக்குப் பத்து நிமிடம், கேவிஎம் நிறுவ ஐந்து நிமிடம், லினக்ஸ் கெஸ்டுக்கு இருபது நிமிடம், விண்டோஸ் கெஸ்டுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3. செயலியைச் சோதியுங்கள், பயாஸைத் திறங்கள்

'எல்எஸ்சிபியூ' என்று அடியுங்கள். வரும் நீண்ட பட்டியலில் விர்ச்சுவலைசேஷன் என்ற வரியில் இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் ஏஎம்டி-வி என்று இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக "விர்ச்சுவலைசேஷன் டைப்: ஃபுல்" என்று பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். நீங்கள் ஏற்கெனவே ஒரு வி.எம்.முக்குள் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று அதற்குப் பொருள்.

இதைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் சிபியூ-செக்கர்' என்று நிறுவி, 'சூடோ கேவிஎம்-ஓகே' என்று ஓட்டுங்கள். கேவிஎம் வேகமூட்டலைப் பயன்படுத்தலாம் என்று பதில் வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். உங்கள் பயாஸ் கேவிஎம்மை முடக்கியிருக்கிறது என்று வந்தால், செயலிக்குத் திறமை இருக்கிறது, கதவுதான் சாத்தியிருக்கிறது.

பயாஸுக்குள் போக எஃப்2, டெலீட், எஃப்10 என்று கணினிக்குக் கணினி வேறு பட்டன். சரியான நொடியில் தட்டத் தவறி நான்கைந்து முறை ரீஸ்டார்ட் செய்வதுதான் வழக்கம். அந்த அல்லலே வேண்டாம். 'சிஸ்டம்சிடிஎல் ரீபூட் --ஃபர்ம்வேர்-செட்டப்' என்று அடித்தால், யூஈஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) உள்ள கணினி நேராக அந்தத் திரையிலேயே போய் நிற்கும். இது தெரியாமல் எஃப்2-வைத் தேய்த்தே பல வருடம் ஓட்டியிருக்கிறேன்.

உள்ளே தேட வேண்டிய பெயர், இன்டெலில் "இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி" அல்லது "விடி-எக்ஸ்". ஏஎம்டியில் "எஸ்விஎம் மோட்". பெயரில் விர்ச்சுவல் என்ற சொல்லே இல்லாததால் ஏஎம்டிக்காரர்கள் இதைத் தவறவிடுவது சகஜம். சில மதர்போர்டுகளில் இது அட்வான்ஸ்டு பகுதியில் இல்லாமல், ஓவர்கிளாக்கிங் பகுதியில் சிபியூ அமைப்புகளுக்குள் ஒளிந்திருக்கும். பக்கத்தில் விடி-டி என்றோ ஐஓஎம்எம்யூ என்றோ இருப்பது, கிராஃபிக்ஸ் கார்டு போன்ற சாதனங்களை நேரடியாக வி.எம்.முக்குக் கொடுக்க உதவுவது. நமக்கு இப்போது வேண்டாம்.

எனேபிள் செய்து, சேமித்து வெளியே வாருங்கள். பிறகும் கேவிஎம்-ஓகே மறுத்தால், கணினியை முழுதாக அணைத்துச் சற்று விட்டுப் போடுங்கள். வெறும் ரீஸ்டார்ட்டில் சில பழைய கணினிகள் இந்த மாற்றத்தை எடுத்துக்கொள்வதில்லை. அலுவலக மடிக்கணினியில் பயாஸுக்குப் பாஸ்வேர்ட் இருந்தால், ஐடி பிரிவிடம் கேட்பதைத் தவிர வழியில்லை. வேலை தொடங்கும் முன்பே கேட்டு வைத்தால் நாள் மிச்சம்.

4. கேவிஎம் நிறுவுதல்

உபுண்டு, மின்ட், டெபியன் மூன்றிலும் ஒரே வரி:

'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் கியூஇஎம்யூ-சிஸ்டம்-எக்ஸ்86 லிப்வர்ட்-டீமன்-சிஸ்டம் வர்ட்-மேனேஜர்'

இதில் கியூஇஎம்யூ வி.எம்.முக்கான வன்பொருளைப் பாவனை செய்கிறது, லிப்வர்ட் அதை நிர்வகிக்கிறது, வர்ட்-மேனேஜர் நாம் பார்க்கும் ஜன்னல். ஃபெடோராவில் 'சூடோ டிஎன்எஃப் இன்ஸ்டால் @விர்ச்சுவலைசேஷன்' என்றால் மொத்தமும் வந்துவிடும்.

அடுத்து, உங்கள் பயனர் பெயர் லிப்வர்ட் என்ற குழுவில் இருக்க வேண்டும். 'குரூப்ஸ்' என்று அடித்துப் பாருங்கள். உபுண்டுவில் தானாகவே சேர்ந்திருக்கும். டெபியனில் நாம்தான் சேர்க்க வேண்டும்: 'சூடோ அட்யூசர்' என்று அடித்து, உங்கள் பயனர் பெயரையும் அதன்பின் லிப்வர்ட் என்பதையும் கொடுங்கள்.

யூசர்மோட் கட்டளை பழகியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதில் "சேர்" என்று பொருள்படும் சின்ன 'ஏ' எழுத்தை விட்டுவிட்டால், லிப்வர்ட் குழுவில் சேர்வீர்கள், மற்ற எல்லாக் குழுக்களிலிருந்தும் வெளியேறிவிடுவீர்கள். நிர்வாகி அனுமதி தரும் சூடோ குழுவும் அதில் அடக்கம். எனக்கு அது தெரிய வந்தது அடுத்த லாகினில், எந்தக் கட்டளைக்கும் "நீங்கள் அனுமதிப் பட்டியலில் இல்லை" என்று பதில் வந்தபோது. ரெக்கவரி மோடில் போய்ச் சரிசெய்ய ஒரு மாலைப்பொழுது போயிற்று.

குழுவில் சேர்த்தபின் லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். டெர்மினலை மூடித் திறந்தால் போதாது.

5. ஐஎஸ்ஓவைச் சரியான இடத்தில் வையுங்கள்

எல்லாரும் ஐஎஸ்ஓவை டவுன்லோட்ஸ் கோப்புறையில் வைத்துவிட்டு வர்ட்-மேனேஜரில் அதைக் காட்டுவோம். "பெர்மிஷன் டினைட்" என்று வரும். நம் கோப்பு, நம் கணினி, நமக்கே அனுமதி இல்லையா என்று கோபம் வரும். நடப்பது என்னவென்றால், வி.எம்.மை ஓட்டுவது நீங்கள் அல்ல, லிப்வர்ட்-கியூஇஎம்யூ என்ற வேறொரு பயனர். உபுண்டு 21.04 முதல் ஹோம் கோப்புறையை மற்ற பயனர்கள் எட்டிப் பார்க்க முடியாதபடி பூட்டியே தருகிறார்கள். அந்தப் பயனரால் உங்கள் டவுன்லோட்ஸ்வரை நடந்து வரவே முடியாது.

சில சமயம் வர்ட்-மேனேஜரே "அனுமதி போதாது, சரிசெய்யவா?" என்று கேட்கும். ஆம் சொன்னால் வேலை நடக்கலாம். ஹோம் கோப்புறையைத் திறந்துவிடுவது எனக்குப் பிடிக்காது. ஐஎஸ்ஓவை லிப்வர்ட்டின் சொந்த இடத்துக்கே நகர்த்திவிடுகிறேன்: ரூட்டில் வார், அதற்குள் லிப், அதற்குள் லிப்வர்ட், அதற்குள் இமேஜஸ். நகர்த்த சூடோ வேண்டும்.

ரூட் பார்ட்டிஷன் சிறியது என்றால் வேறு வட்டில் ஒரு கோப்புறை உருவாக்கி, வர்ட்-மேனேஜரில் எடிட், கனெக்ஷன் டீட்டெய்ல்ஸ், ஸ்டோரேஜ் என்று போய், கூட்டல் குறியைச் சொடுக்கி அந்தக் கோப்புறையைப் புதிய ஸ்டோரேஜ் பூலாகச் சேர்த்துவிடுங்கள். இதை முதல் வி.எம். உருவாக்கும் முன்பே செய்வது உத்தமம்.

6. முதல் வி.எம்.: லினக்ஸிலிருந்தே தொடங்குங்கள்

விண்டோஸ்தான் இறுதி இலக்கு என்றாலும், முதலில் ஒரு லினக்ஸ் கெஸ்ட் போட்டுப் பாருங்கள். அது ஓடினால் உங்கள் அமைப்பு சரி. அதன்பின் வரும் சிக்கல் எதுவானாலும் விண்டோஸ் சார்ந்தது என்று உறுதியாகத் தெரியும்.

வர்ட்-மேனேஜரில் புதியது என்ற பொத்தானை அழுத்தினால் ஐந்து திரைகள் வரும். லோக்கல் இன்ஸ்டால் மீடியா, பிறகு ஐஎஸ்ஓ தேர்வு, பிறகு நினைவகமும் சிபியூவும். கணினியில் உள்ள எல்லா கோர்களையும் தூக்கிக் கொடுக்காதீர்கள், தொடக்கத்துக்கு இரண்டு போதும். நான்காவது, வட்டு அளவு. 25 ஜிபி என்று கொடுத்தால் உடனே அவ்வளவும் போய்விடாது. கியூகவ்2 என்ற கோப்பு வடிவம் சிறியதாகத் தொடங்கி, உள்ளே எழுத எழுத வளரும்.

ஐந்தாவது திரையில்தான் கவனம். "கஸ்டமைஸ் கான்ஃபிகரேஷன் பிஃபோர் இன்ஸ்டால்" என்ற கட்டத்தில் டிக் போட்டு முடியுங்கள். அப்போது ஃபர்ம்வேர் பயாஸா, யூஈஎஃப்ஐயா என்று தேர்ந்தெடுக்க இடம் கிடைக்கும். நிறுவல் தொடங்கியபின் வர்ட்-மேனேஜர் அதை மாற்ற விடாது. லினக்ஸ் கெஸ்டுக்கு பயாஸே போதும், விண்டோஸ் 11-க்கு யூஈஎஃப்ஐ கட்டாயம்.

இந்தக் கட்டத்தில் "நெட்வொர்க் டிஃபால்ட் இஸ் நாட் ஆக்டிவ்" என்று முரண்டு பிடித்தால் பதற வேண்டாம். 'சூடோ வர்ஷ் நெட்-ஸ்டார்ட் டிஃபால்ட்' என்று ஒருமுறை, 'சூடோ வர்ஷ் நெட்-ஆட்டோஸ்டார்ட் டிஃபால்ட்' என்று ஒருமுறை அடியுங்கள். இரண்டாவதை விட்டால், அடுத்த முறை கணினியைப் போட்டதும் அதே பிழை திரும்ப வந்து நிற்கும்.

நிறுவல் திரை வந்தபின் வழக்கமான நிறுவல்தான். வட்டு முழுவதையும் அழிக்கவா என்று கேட்கும்போது கை நடுங்கும், எனக்கும் நடுங்கியது. அங்கே காட்டும் அளவைப் பாருங்கள்: 25 ஜிபி என்றால் அது நீங்கள் கொடுத்த கோப்புதான், உங்கள் நிஜ வட்டு அல்ல. தைரியமாக அழிக்கலாம். மவுஸ் உள்ளே சிக்கிக்கொண்டால் இடப்பக்க கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்த்து அழுத்தினால் வெளியே வரும்.

கெஸ்ட் எழுந்ததும் அதற்குள் 'ஸ்பைஸ்-விடிஏஜென்ட்' என்ற தொகுப்பு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் நிறுவுங்கள். ஹோஸ்ட்டில் காப்பி செய்ததை கெஸ்டில் ஒட்டவும், ஜன்னலைப் பெரிதாக்கினால் திரை விரியவும் இதுதான் காரணம்.

7. விண்டோஸ் 11 கெஸ்ட் என்றால்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதால் 11 பற்றியே சொல்கிறேன். அது யூஈஎஃப்ஐ, செக்யூர் பூட், டிபிஎம் 2.0 (பாதுகாப்பு விசைகளை வைக்கும் சில்லு) மூன்றும் கேட்கும். நிஜ டிபிஎம் சில்லு வேண்டாம். 'எஸ்டபிள்யூடிபிஎம்', 'எஸ்டபிள்யூடிபிஎம்-டூல்ஸ்', 'ஓவிஎம்எஃப்' மூன்று தொகுப்புகளையும் ஹோஸ்ட்டில் நிறுவிவிட்டால் மெய்நிகர் டிபிஎம் கிடைக்கும். கஸ்டமைஸ் திரையின் இடப்பக்கப் பட்டியலில் டிபிஎம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஆட் ஹார்ட்வேரில் போய் 2.0 என்று சேருங்கள்.

பிறகு, தொடங்கிய முதல் சில நொடிகள். "ப்ரெஸ் எனி கீ" என்று கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து போகும். ஜன்னலுக்குள் ஒருமுறை சொடுக்கிவிட்டு உடனே ஏதாவது தட்ட வேண்டும். விட்டால் யூஈஎஃப்ஐ ஷெல் என்ற புரியாத திரையில் போய் விழும். ஐஎஸ்ஓ கெட்டுவிட்டது என்று நினைத்து 5 ஜிபிக்கு மேல் மறுபடி இறக்கிய ஆளைப் பார்க்க வேண்டுமென்றால், அது நான்தான். வி.எம்.மை ஃபோர்ஸ் ஆஃப் செய்து மறுபடி போட்டால் போதும்.

அடுத்த பொறி, வட்டு. வேகத்துக்காக வட்டை விர்ட்டையோ (வி.எம்.முக்கென்றே உருவான சாதன வகை) என்று வைத்தால், விண்டோஸ் நிறுவி "வட்டே இல்லை" என்று சொல்லும். அதற்கான டிரைவர் விண்டோஸோடு வருவதில்லை. ஃபெடோரா திட்டம் தரும் விர்ட்டையோ-வின் ஐஎஸ்ஓவை இறக்கி, இரண்டாவது சிடிராமாகச் சேருங்கள். நிறுவியில் லோட் டிரைவர் கொடுத்து, அந்த சிடியில் வையோஸ்டோர், டபிள்யூ11, ஏஎம்டி64 என்று உள்ளே போனால் வட்டு தெரியும். நெட்வொர்க் கார்டையும் விர்ட்டையோ என்று விட்டுவிட்டால், நிறுவலின் முடிவில் "இணையத்தோடு இணையுங்கள்" என்ற திரையில் மாட்டி நிற்பீர்கள். நிறுவும் வரைக்கும் அதை இ1000இ என்று வைத்துவிட்டு, பிறகு மாற்றுவது வலியில்லாத வழி. எல்லாம் முடிந்தபின் அதே விர்ட்டையோ சிடியில் உள்ள கெஸ்ட் டூல்ஸ் நிறுவியை ஓட்டினால் மீதி டிரைவர்கள் வந்துவிடும்.

8. விர்ச்சுவல்பாக்ஸ்தான் வேண்டும் என்றால்

'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் விர்ச்சுவல்பாக்ஸ்' என்பது உபுண்டுவில் எளிய வழி. செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால் நடுவில் ஒரு திரை வந்து புதிய பாஸ்வேர்ட் கேட்கும், 8 முதல் 16 எழுத்துக்குள். இது உங்கள் லாகின் பாஸ்வேர்ட் அல்ல. ஒரே ஒருமுறை, அடுத்த ரீஸ்டார்ட்டில் மட்டும் தேவைப்படும். எண்களாலான எளிய பாஸ்வேர்டாக வையுங்கள். அந்தத் திரையில் கீபோர்டு அமெரிக்க அமைப்பில் இருக்கும், சிறப்புக் குறிகள் இடம் மாறலாம்.

இப்போது ரீஸ்டார்ட். நீலத் திரை ஒன்று வந்து, ஏதாவது ஒரு பட்டனைத் தட்டச் சொல்லி, பத்திலிருந்து இறங்கு முகமாக எண்ணும். அந்தப் பத்து நொடி கணினியின் முன் உட்கார்ந்திருங்கள். தட்டியதும் வரும் பட்டியலில் முதலாவது "கன்டினியூ பூட்". அதை அழுத்திவிடாதீர்கள். இரண்டாவதாக உள்ள "என்ரோல் மோக்" (மாட்யூலின் கையெழுத்துச் சாவியைக் கணினியில் பதிவது), பிறகு கன்டினியூ, யெஸ், பாஸ்வேர்ட், ரீபூட். நான் ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது கணினி சமர்த்தாக லாகின் திரையில் நின்றது. வி.எம்.மைத் தொடங்கினால் "கெர்னல் டிரைவர் நாட் இன்ஸ்டால்டு", கூடவே மைனஸ் 1908 என்ற எண். காரணம் புரிய மூன்று மணி நேரம் ஆயிற்று. தவறவிட்டவர்கள் 'சூடோ அப்டேட்-செக்யூர்பூட்-பாலிசி --என்ரோல்-கீ' என்று அடித்து மறுபடி பாஸ்வேர்ட் கொடுத்து, மறுபடி ரீஸ்டார்ட் செய்து, இந்த முறை இடத்தைவிட்டு எழாமல் இருங்கள்.

இனி, இரண்டையும் போட்டவர்களின் பாடு. லினக்ஸ் கெர்னல் 6.12 முதல், கேவிஎம் மாட்யூல் ஏறியவுடனேயே செயலியின் மெய்நிகர் வசதியைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் வந்து கேட்டால், விடி-எக்ஸை வேறொரு ஹைப்பர்வைசர் (வி.எம். ஓட்டும் மென்பொருள்) பயன்படுத்துகிறது என்ற பிழைதான் கிடைக்கும். நேற்றுவரை ஓடியது கெர்னல் புதுப்பித்ததும் நின்றுவிட்டது என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். தற்காலிக வழி, 'சூடோ மாட்ப்ரோப் -ஆர் கேவிஎம்_இன்டெல்' (ஏஎம்டி என்றால் கேவிஎம்_ஏஎம்டி). நிரந்தர வழி, கெர்னல் பூட் வரியில் 'கேவிஎம்.எனேபிள்_விர்ட்_அட்_லோட்=0' என்று சேர்ப்பது.

விர்ச்சுவல்பாக்ஸின் கூடுதல் வசதித் தொகுப்பான எக்ஸ்டென்ஷன் பேக் பற்றிப் பலர் தவறாக நினைக்கிறார்கள். அடிப்படைத் தொகுப்பு கட்டற்ற மென்பொருள், இந்தப் பேக் அப்படியல்ல. சொந்தப் பயன்பாட்டுக்கும் கல்விக்கும் மதிப்பீட்டுக்கும் இலவசம், அலுவலகப் பயன்பாட்டுக்கு உரிமம் வாங்க வேண்டும். பதிப்பு 7.0 முதல் யூஎஸ்பி 2, 3 ஆதரவு அடிப்படைத் தொகுப்பிலேயே வந்துவிட்டதால், பெரும்பாலானவர்களுக்கு இந்தப் பேக் தேவையே இல்லை. யூஎஸ்பி சாதனம் கெஸ்டில் தெரியாவிட்டால் பேக்கைத் தேடாமல், உங்கள் பெயர் விபாக்ஸ்யூசர்ஸ் குழுவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

9. நெட்வொர்க்: விட்ட இடத்திலேயே விடுங்கள்

இரண்டு மென்பொருளும் நேட் முறையில் தொடங்கும். கெஸ்டிலிருந்து இணையம் போகும், வெளியிலிருந்து கெஸ்டுக்கு நேரடியாக வர முடியாது. கேவிஎம் கெஸ்டுக்கு 192.168.122 என்று தொடங்கும் முகவரி கிடைக்கும், ஹோஸ்ட்டிலிருந்து அதற்கு எஸ்எஸ்எச் (இன்னொரு கணினியின் டெர்மினலை நெட்வொர்க் வழியாகத் திறப்பது) போடலாம். விர்ச்சுவல்பாக்ஸில் 10.0.2.15 என்று வரும். அதற்கு ஹோஸ்ட்டிலிருந்து நேராகப் போக முடியாது. போர்ட் ஃபார்வர்டிங்கில் ஹோஸ்ட்டின் 2222-ஐ கெஸ்டின் 22-க்குத் திருப்பிவிட வேண்டும்.

வீட்டில் உள்ள மற்ற கருவிகளும் கெஸ்டைப் பார்க்க வேண்டும் என்று பிரிட்ஜ் முறைக்குப் போகிறவர்கள் கவனிக்க: கேவிஎம்மில் வைஃபை வழியாக வழக்கமான பிரிட்ஜ் அமைக்க முடியாது. கேபிள் இணைப்பு வேண்டும்.

10. ஸ்னாப்ஷாட், நகல், அழித்தல்

கெஸ்டை நிறுவி, புதுப்பித்து முடித்த கையோடு ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். பிறகு என்ன உடைத்தாலும் அந்தப் புள்ளிக்குத் திரும்பலாம். யூஈஎஃப்ஐ கெஸ்டில் பழைய லிப்வர்ட் பதிப்புகள் இதற்கு மறுப்புத் தெரிவிக்கும். அப்போது கெஸ்டை ஷட்டவுன் செய்து, கியூகவ்2 கோப்பை வேறு வட்டுக்கு நகலெடுத்து வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த நகலை நம்ப முடியாது. ஸ்னாப்ஷாட் எடுக்க முடிந்தவர்களும் இந்த நகலை வைத்துக்கொள்வது நல்லது. ஸ்னாப்ஷாட் அதே வட்டுக் கோப்பைச் சார்ந்துதான் நிற்கிறது, கோப்பு போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

லினக்ஸ் கெஸ்ட் ஒன்றை க்ளோன் செய்தபின் இரண்டுக்கும் ஒரே ஐபி முகவரி வந்தால், கெஸ்டின் அடையாள எண்ணான மெஷின்-ஐடியும் சேர்ந்து நகலாகியிருக்கிறது என்று பொருள். க்ளோனில் அதைப் புதிதாக்க வேண்டும்.

கெஸ்ட் காரணமில்லாமல் பாஸ் ஆகி நின்றால், ரெஸ்யூம் கொடுத்தும் நகராவிட்டால், ஹோஸ்ட்டின் வட்டு நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். கியூகவ்2 கோப்பு வளரும், கெஸ்டுக்குள் கோப்புகளை அழித்தாலும் தானாகச் சுருங்காது. ஹோஸ்ட்டில் இடம் உண்டாக்கிவிட்டு ரெஸ்யூம் கொடுத்தால், விட்ட இடத்திலிருந்து ஓடும்.

வி.எம். வேண்டாம் என்று அழிக்கும்போது வர்ட்-மேனேஜர் எந்தெந்தக் கோப்புகளைச் சேர்த்து அழிக்கவா என்று பட்டியல் காட்டும். வட்டுக் கோப்புக்கு நேரே டிக் இருக்க வேண்டும், ஐஎஸ்ஓவுக்கு நேரே இருக்கக் கூடாது. விர்ச்சுவல்பாக்ஸில் "ரிமூவ் ஒன்லி" கொடுத்தால் பெயர் மட்டும் பட்டியலிலிருந்து போகும், கோப்பு அப்படியே இருக்கும். எதைப் பயன்படுத்தினாலும் அழித்த பிறகு அந்தக் கோப்புறையை ஒருமுறை எட்டிப் பாருங்கள். அரை வருடத்துக்கு முன்பே அழித்துவிட்டதாக நான் நம்பிக்கொண்டிருந்த 40 ஜிபி வட்டுக் கோப்பு ஒன்று, இமேஜஸ் கோப்புறையில் சும்மா உட்கார்ந்திருந்தது.